பட்டா பெரியப்பா பெயரில், சத்திரம் யாருடையது?

கேள்வி: வேதாரண்யம் போகும் பழைய வண்டிப்பாதையில் இருக்கிறது நான் பிறந்த ஊர். அங்கே என் கொள்ளுத்தாத்தா கட்டிய சத்திரம் ஒன்று உண்டு. வாசல் நிலைக்கு மேலே கல்லில் அவர் பெயரும் 'உபயம்' என்ற சொல்லும் வெட்டியிருக்கும். தாத்தா காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்களும் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் மாதப் பணம் கொடுத்து அங்கே தங்கிச் சாப்பிட்டார்கள். அதனால் ஊரில் 'போர்டிங் வீடு' என்றே பெயர். 1960-களில் அது நின்றுபோனது. காவலுக்கு வைத்த குடும்பம் மட்டும் இன்றும் இருக்கிறது. பட்டா என் பெரியப்பா பெயரில். அவர் மகன் இப்போது கல்யாண மண்டபம் கட்டும் ஒருவருக்கு அதை விற்கப் போகிறார். என்னிடமும் தங்கையிடமும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். ஆளுக்கு 4 லட்சம் தருவதாகச் சொல்கிறார். 'தாத்தா என்றைக்குக் காசு வாங்கினாரோ அன்றைக்கே தர்மம் முடிந்துவிட்டது' என்பது அவர் வாதம். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 1975 முதல் ஒன்றுமில்லை. காவல்காரரின் பேரனோ, '60 வருஷமாக இருக்கிறோம், எங்களுக்குத்தான் சொந்தம்' என்கிறார். அப்பா 1994-இல் காலமானார். அம்மாவும் இல்லை. நாங்கள் இரண்டு பெண்கள்தான். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பத்திரத்தின் ஒற்றைப் பக்க ஜெராக்ஸை இணைத்திருக்கிறேன். எங்களுக்குப் பங்கு உண்டா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. விடுதலைப் பத்திரத்தில் நீங்களும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டாம். 4 லட்சம் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்தில் 'நமது கூட்டுக்குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட சொத்து' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதன் கீழே கையெழுத்து விழுந்துவிட்டால், இது குடும்பச் சொத்துதான், தர்மச் சொத்து இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்தக் காகிதம் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

நீங்கள் கேட்டது பங்கு. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பங்கு போட அங்கே சொத்து மிச்சம் இருக்கிறதா? உங்கள் கொள்ளுத்தாத்தா அதைத் தன் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போனாரா, இல்லை தர்மத்துக்கு விட்டுவிட்டுப் போனாரா? இது தெரியாமல் பட்டாவைப் பார்ப்பதிலும் வில்லங்கத்தைப் பார்ப்பதிலும் பயனில்லை. பதிலில் பாதி நீங்கள் அனுப்பிய ஒற்றைப் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் தலைப்பில் ஆங்கில வருஷம் இல்லை. 'ருத்ரோத்காரி வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருஷச் சுற்றில் ருத்ரோத்காரி 1863-இல் வந்தது, 1923-இல் வந்தது, 1983-இல் வந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதியது என்றால் நடுவில் உள்ளதுதான் பொருந்தும். ஆக, இது 1923 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் எழுதிய பத்திரம். பதிவு அலுவலகத்தில் தேடும்போது இந்த ஒரு மாதக் கணக்கு உங்களுக்கு எத்தனையோ நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்து, வாசகம். எழுத்து மங்கியிருக்கிறது, பெரிதாக்கி வைத்துக்கொண்டு படித்தேன். 'மேற்படி சத்திரத்தையும் அதற்கு விட்டிருக்கிற நஞ்சை மா ஏழையும் என் ஆயுள் பரியந்தம் நானும், எனக்குப் பின் என் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் வருகிறவர்களில் மூத்தவரும் பரிபாலனம் செய்து, அமாவாசை ஸ்நானத்துக்குப் போகிற யாத்திரிகர்களுக்கு அன்னமிட்டு வர வேண்டியது. இவற்றை யாதொரு பராதீனமும் செய்ய எவருக்கும் பாத்தியமில்லை. மேற்படி தர்மம் போக மிகுதிப்படும் வரும்படியை' என்று வந்து பக்கம் முடிந்துவிடுகிறது. 'பராதீனம்' என்றால் விற்றோ அடமானம் வைத்தோ பிறர் கைக்கு மாற்றுவது.

இதில் மூன்று இடங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்பதைப் பார்த்ததும் வம்சத்துக்குச் சொத்து வருகிறது என்று பலரும் எடுத்துக்கொள்வார்கள். சொத்தை வம்சத்துக்குக் கொடுக்கும் அந்தக் காலப் பத்திரத்தில் அதற்குப் பின்னால் 'தான விக்கிரயாதி வினியோக யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வரும். தானம் கொடுக்கலாம், விற்கலாம், எல்லா உரிமையும் உண்டு என்று பொருள். உங்கள் பக்கத்தில் 'ஆண்டு அனுபவித்து' இல்லை. 'பரிபாலனம் செய்து' என்றுதான் இருக்கிறது. வம்சத்துக்கு வந்தது நிர்வாகம்.

இரண்டாவது இடம் 'மூத்தவரும்' என்ற சொல். உங்கள் பெரியப்பா மூத்தவர். பட்டா அவர் பெயரில் மட்டும் ஏறியதற்கும் உங்கள் அப்பா பெயர் அதில் இல்லாமல் போனதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். சொந்தக்காரர் என்பதால் ஏறியிருக்காது. நிர்வாகி என்பதால் ஏறியிருக்கும். 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். அதற்கு முந்தைய பதிவேடுகளில் 'சத்திரம் தர்மத்துக்கு டிரஸ்டி இன்னார்' என்று இருந்த இடத்தில், எழுதும் அவசரத்தில் முதல் பாதி விழுந்து வெறும் 'இன்னார்' என்று நின்றுபோன பட்டாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் காணாமல் போன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டிரஸ்டியின் பிள்ளை சொந்தக்காரராகிவிடுகிறார். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. அதுவே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய ரீ-செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். வாய்வார்த்தையில் 'இல்லை' என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். சத்திரம் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில் இருந்தால் அந்தப் பதிவேட்டில் யார் பெயருமே இருக்காது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். நத்தத்துக்கு அப்போது தனிப் பட்டா கொடுக்கும் வழக்கமே இல்லை. ஆனால் 7 மா நஞ்சைக்கு நிச்சயம் பெயர் இருக்கும்.

அந்த நஞ்சையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கட்டடத்தைவிட எனக்கு அதைப் பற்றித்தான் கவலை. தஞ்சைப் பக்கத்து மா என்றால் 100 குழி, 33 சென்ட். 7 மா என்பது ஏறக்குறைய 2 ஏக்கர் 31 சென்ட். இன்றைய பட்டாவில் 0.93 ஹெக்டேர் அளவுக்கு நிற்கும். சத்திரத்து அடுப்பு எரிந்தது அந்த நெல்லில்தான். அதை இப்போது யார் உழுகிறார்கள், குத்தகை நெல் யாருக்குப் போகிறது என்று விசாரியுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரர்களைப் பதிவு செய்த பதிவேடு ஒன்று உண்டு. அதில் நில உரிமையாளர் என்ற இடத்தில் சத்திரத்தின் பெயர் இருந்தால், உங்கள் கையில் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தன் குத்தகையைக் காப்பாற்றிக்கொள்ள விவசாயி கொடுத்த தகவல் அது. சத்திரத்தின் உரிமையைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்குக் காரணமில்லை.

மூன்றாவது இடம்தான் முக்கியம்: 'மிகுதிப்படும் வரும்படியை' என்று அறுந்துபோன வாக்கியம். தர்மம் போக மிச்சத்தை என்ன செய்யச் சொன்னார்? 'மேற்படி தர்மத்துக்கே உபயோகித்து' என்று அடுத்த பக்கம் தொடங்கினால், சொத்து முழுக்கத் தர்மத்துக்குப் போய்விட்டது. 'என் வாரிசுகள் அடைந்துகொண்டு' என்று தொடங்கினால் நிலைமை வேறு. சொத்து குடும்பத்துடையது, அன்னதானச் செலவு அதன் மேல் ஒரு பொறுப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று வாதிட இடமுண்டு. தர்மத்துக்கு விடுவது முழுமையாகவும் இருக்கலாம், பகுதியாகவும் இருக்கலாம். பத்திரத்தை மொத்தமாகப் படித்து அதன் உள்ளர்த்தத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொல்லியிருக்கிறது. அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாதது இதனால்தான்.

அந்த அடுத்த பக்கம் தொலையவில்லை. பத்திரம் பதிவானதென்றால் முழு வாசகமும் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் கையால் படியெடுக்கப்பட்டு இருக்கும். நீங்கள் போட்ட வில்லங்கத்தில் அது வராததற்குக் காரணம், அந்தத் தேடல் 1975 வரைதான் பின்னால் போகிறது. அதற்கு முந்தையதை மனுப் போட்டு, பழைய அட்டவணைகளைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். சர்வே எண்ணை மட்டும் கொடுத்துத் தேடச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்து நத்தம் பத்திரங்கள் பலவற்றில் சர்வே எண்ணே கிடையாது. நான்கெல்லை மட்டும்தான் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பெயரை அவர் தகப்பனார் பெயரோடு எழுதிக் கொடுத்து, பெயர் அட்டவணையில் 1923 ஆகஸ்டிலிருந்து 1924 ஜனவரி வரை பார்க்கச் சொல்லுங்கள். எழுதிய தேதிக்கு நான்கு மாதத்துக்குள் பதியலாம் என்பதால் ஜனவரி வரை போக வேண்டும். உங்கள் ஊருக்கு இப்போதுள்ள அலுவலகம் பிற்காலத்தில் பிரிந்து வந்ததாக இருந்தால், 1923-இல் ஊர் எந்த அலுவலகத்தின் எல்லையில் இருந்தது என்று விசாரித்து அங்கே போங்கள்.

கூடவே மூன்றாம் புத்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் இது. பதிவு செய்த உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்று என்பது முதல் புத்தகத்தைப் பார்த்துத் தருவது. உயில் அதில் வரவே வராது. எழுதியவர் காலமான பிறகு உயிலின் நகலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம். கொள்ளுத்தாத்தாவோ தாத்தாவோ சத்திரத்தைப் பற்றி உயிலில் ஏதாவது எழுதியிருக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த நான்காவது வருஷம், இதே போன்ற ஒரு சத்திரத்துக்கு லீகல் ஒப்பீனியன் கேட்டு ஒருவர் வந்தார். பட்டா சரியாக இருந்தது, 30 வருஷ வில்லங்கம் சுத்தமாக இருந்தது. 'கிரயம் வாங்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு வழக்குக்காகப் பழைய உயில் நகல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்திரத்தின் பெயர் கண்ணில் பட்டது. யாத்திரிகர்களுக்கும் தாகத்தோடு வருகிறவர்களுக்கும் என்று, கட்டியவர் தெளிவாக எழுதியிருந்தார். அதற்குள் சத்திரத்தை இடித்திருந்தார்கள். அதன் கல்தூண்களில் இரண்டு வாய்க்கால் பாலத்துக்குக் கீழே கிடந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று மூன்றாம் புத்தகத்தைப் பார்க்காதது என் தவறு. அதற்குப் பிறகு சத்திரம், மடம், தண்ணீர்ப்பந்தல் என்று பெயருள்ள எந்தச் சொத்துக்கும் உயில் பார்க்காமல் நான் கருத்து எழுதுவதில்லை.

உங்கள் அண்ணன் சொல்லும் 'காசு வாங்கிய அன்றே தர்மம் முடிந்தது' என்ற வாதத்துக்கு வருகிறேன். முழுதாகத் தர்மத்துக்கு விட்ட சொத்தை, விட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. மகன் போர்டிங் நடத்தியதால் மட்டும் அது குடும்பத்துக்குத் திரும்பி வந்துவிடாது. சத்திரத்து அறைகளை வாடகைக்கு விட்டுக் காசைச் சொந்தச் செலவுக்கு எடுத்திருந்தால், அது டிரஸ்டி செய்த தவறு என்றுதான் ஆகும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்திரத்தின் வாசகம் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளும்படி இருந்தால், குடும்பம் அந்தச் சொத்தை எப்படி நடத்தியது என்பதையும் நீதிமன்றம் சாட்சியாகப் பார்க்கும். அங்கே தாத்தாவின் போர்டிங் வருஷங்கள் உங்களுக்கு எதிராகப் பேசலாம், சாதகமாகவும் பேசலாம். வாத்தியார்கள் கொடுத்த மாதப் பணத்திலிருந்து ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அரிசி, பருப்பு வாங்கினாரா? வீட்டில் பழைய நாள்வழி, பேரேடு நோட்டுகள் இருந்தால் தூக்கிப் போடாமல் தேடுங்கள். 'சத்திரம் தர்மக் கணக்கு' என்று தனிப் பற்றுவரவு இருந்தால் அந்த நோட்டுக்குப் பத்திரத்துக்கு அடுத்த மதிப்பு உண்டு. அந்த வருஷங்களில் பந்தியில் பரிமாறிய, பந்தியில் சாப்பிட்ட பெரியவர்கள் ஊரில் யாராவது இருந்தால், இப்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

வாசல் நிலையில் உள்ள கல்லை இந்த வாரமே பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தன் பிள்ளைகளுக்கு வீடு கட்டுகிறவர் நிலைக்கு மேல் 'உபயம்' என்று வெட்ட மாட்டார். இடிப்பதற்கு முன்னால் முதலில் காணாமல் போகும் கல் அதுதான்.

காவல்காரர் குடும்பத்தின் வாதம் சட்டத்தில் நிற்காது. காவலுக்கும் பராமரிப்புக்கும் வைத்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த இருப்பு உடையவருக்காக இருப்பதுதான், அதனால் சொந்தம் வராது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் சகோதரி, அவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அறுபது வருஷமாக அந்தக் கூரை இடிந்து விழாமல் இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். சத்திரத்தில் அமாவாசைக்குச் சமைத்ததை நேரில் பார்த்த பாட்டி யாராவது அந்தக் குடும்பத்தில் இருக்கலாம். சத்திரம் தர்மமாக நிலைத்தால் காவல் வேலையும் நிலைக்கும், விற்றால் முதலில் வெளியேறுவது அவர்கள்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பேரன் உங்கள் பக்கம் வந்து நிற்பார் என்றே நினைக்கிறேன்.

நகல் கிடைத்து, முழுத் தர்மம் என்று தெரிந்தால் எங்கே போவது? பத்திரத்தில் 'அமாவாசை ஸ்நானத்துக்குப் போகிற யாத்திரிகர்கள்' என்று இருப்பது இங்கே உதவும். இந்துப் பண்டிகையோடோ சமய அனுஷ்டானத்தோடோ சேர்ந்த பொதுத் தர்மம், அது எந்தக் கோயிலோடும் இணைக்கப்படாவிட்டாலும், 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் வரும். உங்கள் சத்திரம் அதில் வர வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால், ஆணையரின் அனுமதி இல்லாமல் செய்யும் விற்பனை 34-ஆம் பிரிவின்படி செல்லாது. இது சமயத் தர்மமா, சொத்து அதற்கு விடப்பட்டதா என்பதை 63-ஆம் பிரிவில் இணை ஆணையரிடம் மனுச் செய்து தீர்மானிக்கலாம். அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டில் சத்திரத்தின் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் இப்போதே எழுதிக் கேளுங்கள். வழிப்போக்கர் எல்லோருக்கும் பொதுவான, சமயம் சாராத தர்மம் என்று முடிவானால் வழி வேறு: சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடலாம். நீங்களும் தங்கையும் இரண்டு பேர்.

பகுதித் தர்மம் என்றோ குடும்பச் சொத்து என்றோ ஆனால், உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. பெரியப்பாவும் அப்பாவும் மட்டுமே வாரிசுகளாக இருந்திருந்தால் ஆளுக்குப் பாதி. அப்பாவின் பாதி அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் வந்து, அம்மாவுக்குப் பின் உங்கள் இருவருக்கும் மொத்தச் சொத்தில் கால் கால் பங்கு. பட்டாவில் அப்பா பெயர் இல்லை என்பதால் இது போய்விடாது. அத்தைமார் உண்டா, தாத்தா எந்த வருஷம் காலமானார் என்று நீங்கள் எழுதவில்லை. தாத்தா 1956-க்குப் பின் காலமாகியிருந்து அத்தையும் இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு, கணக்கு மாறும். பகுதித் தர்மமாக இருந்தால், யார் வாங்கினாலும் அமாவாசை அன்னதானச் செலவு அந்தச் சொத்தைத் தொடர்ந்தே போகும்.

நகல் கைக்கு வருவதற்குள் அண்ணன் கிரயம் எழுதிவிடுவாரோ என்ற பயம் இருக்கும். வாங்கப் போகிறவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 1923-ஆம் வருஷத்துப் பத்திரத்தைப் பற்றி அதில் எழுதி, ஜெராக்ஸையும் இணையுங்கள். தெரியாமல் வாங்கினேன் என்று அவர் பிறகு சொல்ல முடியாது. சார்பதிவாளரிடமும் ஆட்சேபணை மனு கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். கல்யாண மண்டபம் கட்டப் பணம் போடுகிறவர் அப்படிப்பட்ட இடத்தில் போட யோசிப்பார்.

உங்களைப் போலவே சத்திரம் பற்றி எழுதிய மற்ற வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு. 1802-இல் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் போன்ற அரசர் சத்திரங்களின் கதை வேறு; அவற்றுக்கு அரசாங்கத்திலேயே கணக்கு இருக்கிறது. தனியார் கட்டியதில் 1860-க்கு முந்தைய இனாம் நிலத்தோடு (வரி தள்ளிக் கொடுத்த நிலம்) சேர்ந்த சத்திரம் என்றால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரைப் பாருங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய், எந்த நிலம் என்ன காரியத்துக்கு விடப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறது.

சகோதரி, நீங்கள் அனுப்பிய பக்கத்தின் பின்புறத்தையும் ஜெராக்ஸ் எடுத்தார்களா? பதிவு எண், புத்தகம், வால்யூம், பக்கம் எல்லாம் அங்கேதான் முத்திரையோடு இருக்கும். அசல் யாரிடம் இருக்கிறது என்று பெரியம்மா இருந்தால் அவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டாலும் பெயர் அட்டவணையில் பிடித்துவிடலாம். 'மிகுதிப்படும் வரும்படியை' என்பதற்கு அடுத்த வரி கிடைத்ததும் அதை அப்படியே எழுத்து மாறாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். மேலே என்ன செய்வது என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.